இறங்காத இடது கைகள்

செம்மண்கரட்டில் ஜவ்வரிசி மில்லை மூடிவிட்டு அதே கட்டடத்தில் வாத்தியார்களை உண்டாக்குகிற பி.எட். காலேஜைத் திறந்த பிறகு, எத்தனை முறை வெள்ளையடித்தும் சுவரை விட்டுப் புளித்த மரவள்ளி வாடை போகாமல், மழை பெய்தால் வகுப்பறைக்குள்ளேயே கிழங்கு மாவு ஊறுவது மாதிரி நாறிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்ததும், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தூக்கிய கை இறங்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் இல்லை, பாதிக்கு மேல். ரெண்டு கையும் இல்லை, இடது கை மட்டும். என் மகள் கனிஷ்காவின் கையும் அதில் ஒன்று.

கை ஏன் இறங்கவில்லை என்று பார்க்க எங்கெங்கிருந்தோ ஆள் வந்தார்கள், போனார்கள். அந்தக் கை ஏன் தூக்கப்பட்டது என்று கேட்க ஒருத்தரும் வரவில்லை. அதனால் அதை நானே சொல்கிறேன்.

பொங்கல் முடிந்ததும் வருசா வருசம் காலேஜில் இருந்து டிரெய்னிங் டீச்சர்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். மடிப்புக் கலையாமல் பின் குத்திய சேலையும், கக்கத்தில் சுருட்டி வைத்த சார்ட்டும், தோளில் தண்ணீர் பாட்டிலுமாக அவர்கள் தார்ச்சாலையில் இறங்கி வருகிற அழகைப் பார்க்க நாங்கள் வாசல் தெளிக்கிற வேலையைக் கூடக் கொஞ்சம் இழுப்போம். பிள்ளைகளை அடிக்க மாட்டார்கள், "செல்லம்" என்பார்கள், போகிற அன்றைக்கு மிட்டாய் கொடுத்து அழுவார்கள். போவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. வெளியூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அவரை எக்ஸ்டர்னல் என்பார்கள். அவர் கண் முன்னால் டிரெய்னிங் டீச்சர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பிள்ளைகள் நன்றாகப் பதில் சொன்னால் டீச்சருக்கு மார்க்.

இவர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லிக் கொடுப்பவர் குலசேகரன் சார். பாடம் நடத்துவது எப்படி என்பதையே பாடமாக நடத்துகிறவர் அவர். ஆள் நல்ல உயரம், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, மழையானாலும் வெயிலானாலும் இடது கையை பேண்ட் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருப்பார். வலது கையால்தான் கும்பிடுவார், வலது கையால்தான் சாக்பீஸ், டீ, குடை எல்லாம். அது ஸ்டைல் என்று சிலரும், உள்ளங்கையில் தீக்காயம் என்று சிலரும் சொன்னார்கள். யாரும் அவரைக் கேட்டதில்லை. எங்கள் ஊரில் படித்தவரைக் கேள்வி கேட்கிற பழக்கம் கிடையாது.

பரீட்சைக்கு முந்தின நாள் அவர் ஆறாம் வகுப்புக்கு வந்தார். எந்தப் புஸ்தகத்திலும் இல்லாத ஒரு பாடத்தை வருசம் தவறாமல் அன்றைக்குத்தான் நடத்துவார்.

"நாளைக்கு மிஸ் கேள்வி கேப்பாங்க. கேட்டதும் ஒருத்தர் விடாம எல்லாரும் கையத் தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. மிஸ் வலது கையாப் பாத்துத்தான் எழுப்புவாங்க, பயப்படாதீங்க. எக்ஸ்டர்னல் ஐயா கண்ணுக்கு எல்லாக் கையும் ஒண்ணுதான். புரிஞ்சுதா?"

லோகேசு என்று ஒரு வாலு, எழுந்து நின்று கேட்டானாம். "சார், எனக்குப் பாதி தெரியும். எந்தக் கை சார்?"

"நீ வாயில கைய வை."

வகுப்பே சிரித்தது. ஓரத்தில் நின்ற டிரெய்னிங் டீச்சர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அதையும் கற்றுக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கனிஷ்கா எதிரில் உட்கார்ந்து காம்பை எண்ணெய்ச் சட்டிக்குள் போட்டு விளையாடிக்கொண்டே சொன்னாள்.

"ம்மா, நாளைக்கு நான் இடது கை."

"ஏன்டி?"

"அந்தக் கணக்கு எனக்கு வெளங்கல."

"மிஸ்ஸக் கேக்கறதுதான?"

"கேட்டேனே. பரீட்சை முடியட்டும் செல்லம், அப்புறம் சொல்றேன்னாங்க."

நான் அஞ்சாவதோடு நின்றவள். அவள் இப்போது ஆறாவது. நான் போகாத ஊருக்கு என் மகள் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். வழி கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது. பரீட்சை முடிந்தால் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நானும் நம்பினேன்.

மறுநாள் பாடம் நடத்தியது கோகிலவாணி என்கிற டிரெய்னிங் டீச்சர். ஒல்லியாக, எப்போதும் தூக்கம் கெட்ட கண்ணோடு இருக்கும் பெண். பின்னத்தால் வகுப்பது பாடம். சார்ட்டுக்குத் தங்கக் கலர் பார்டர் ஒட்டி, 'தலைகீழாக்கு, பெருக்கு' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். ஒன்றை அரையால் வகுத்தால் என்ன என்று அவள் கேட்டதும் கரும்புக்காடு முளைத்த மாதிரி கைகள் எழும்பின. வலது கை ஒன்றை எழுப்பினாள். "ரெண்டு மிஸ்" என்றது அது. எக்ஸ்டர்னல் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். மணி அடித்தது. வலது கைகள் இறங்கின. இடது கைகள் நின்றன.

பெரிய டீச்சர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "நடிச்சது போதும், கைய எறக்குங்கடா, எக்ஸ்டர்னல் போயிட்டாரு" என்றார்.

இறங்கவில்லை.

தெருவில் பிள்ளைகள் கையை மேலே தூக்கியபடி, கண்ணுக்குத் தெரியாத பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவது போல வரிசையாக வந்தார்கள். தையல் மெஷினை வாசலில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த ருக்கு அக்கா, "என்னடி பவுனு, ஒம் பொண்ணு எந்தக் கட்சிக்குக் கொடி புடிச்சிட்டு வரா?" என்று கேட்டாள். பக்கத்தில் வந்ததும் அவளே மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

நல்லெண்ணெய் தடவினோம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தோம்; கை இறங்கவில்லை, பிள்ளைதான் கூடவே சரிந்தாள். பெரியாஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து மாத்திரை சாப்பிடட்டும் என்று அனுப்பினார்கள். முனியப்பன் கோயில் பூசாரி வேப்பிலையால் விசிறிப் பார்த்து, தூக்கின கை சாமிக்குத் தூக்கினதுதான், பயமில்லை என்றார். அதைக் கேட்டு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து அந்தக் கைகளில் மஞ்சள் கயிறு கட்டினார்கள், வளையல் போட்டார்கள், பிள்ளை வரமும் வேலையும் கேட்டார்கள். முழங்கை வரைக்கும் முன்பின் தெரியாதவர்களின் வளையல் குலுங்க என் மகள் கோயில் படியில் நின்றாள். ஒருத்தராவது அவள் முகத்தைப் பார்த்தார்களா என்றால், இல்லை, எல்லாருக்கும் கைதான் தெரிந்தது.

அப்புறம் எல்லாருக்கும் பழகிவிட்டது. எப்படித்தான் பழகுகிறதோ, அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ருக்கு அக்கா இடது தோளில் பட்டன் வைத்துத் திறக்கிற சட்டை தைக்கக் கண்டுபிடித்தாள். ஊர் முழுக்க அவளிடம் தைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஃபேன் இறக்கையில் கை பட்டுவிடும் என்று ஃபேனையே கழற்றிவிட்டார்கள்; கை இறங்கியிருந்த பிள்ளைகளும் சேர்ந்து வேர்த்தார்கள். கண்டக்டர், "இதுங்கதான் சமத்து, கம்பியப் புடிக்காமலே நிக்குதுங்க" என்று சொல்லி இன்னும் நாலு பேரை ஏற்றினார். பாதி தெரிந்த லோகேசும் இடது கையைத்தான் தூக்கியிருந்தான்; முருங்கைக்காய் பறிக்க அவனைக் கூப்பிட்டார்கள். துரட்டி அவன் கையில் கட்டப்பட்டது. மழைக்காலத்தில் என் வீட்டில் ஆணி அடிக்க இடமில்லாமல், தூங்குகிற கனிஷ்காவின் விரல்களில்தான் கொசுவலையின் ஒரு முனையை நானே கட்டினேன். கட்டிவிட்டு, வலைக்குள் உட்கார்ந்து, அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கனிஷ்காவின் அப்பா மாதேசு பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தார். போனில் சொன்னார்: "எடது கைதான பவுனு? சோத்துக் கை நல்லாத்தான இருக்குது. அழுவாத."

இடது கைதானே. எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். இடது கை எதற்கு என்று இவர்களுக்குத் தெரியாதா? பதினோரு வயசுப் பெண்பிள்ளை, கால் கழுவ அம்மா வேண்டும் என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்தில் அவள் தண்ணீரே குடிக்காமல் இருந்தாள். தண்ணீர் குடித்தால் கக்கூஸ் போக வேண்டும், போனால் கழுவ முடியாது. நாக்கு வறண்டு, உதடு வெடித்து வீட்டுக்கு வருவாள். வந்ததும் பின்கட்டுக்கு ஓடுவாள். நான் செம்போடு பின்னால் ஓடுவேன். ஒரு நாள், "ம்மா, நீ கண்ண மூடிக்கிட்டுக் கழுவு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டுதான் கழுவினேன். நாளைக்கு வயசுக்கு வந்துவிட்டால் என்ன செய்வாள்? இதை நான் யாரிடம் சொல்ல? ரேசன் கடையில் கூட முன்னால் நிற்கிறவள் முதுகுக்குப் பின்னால் நின்று பேர் சொல்கிறவள் நான். கோபம் வந்தால் மற்றவர்களுக்கு வாய் திறக்கும்; எனக்கு மூடிக்கொள்ளும்.

காலேஜ்காரர்கள்தான் நன்றாகப் பழகிக்கொண்டார்கள். கைகள் நின்ற வகுப்பைப் போட்டோ எடுத்து, மெயின் ரோட்டில் லாரி நீளத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். 'ஆர்வம் ததும்பும் வகுப்பறைகளை உருவாக்குகிறோம், சேர்க்கை நடைபெறுகிறது.' அதில் என் மகள் ரெண்டாம் வரிசையில், வெடித்த உதட்டோடு, கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மற்ற காலேஜ்களில் இருந்தும் கேட்டார்கள். எங்கே பரீட்சை நடந்தாலும் எங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கடைசி வரிசைகளில் உட்கார வைத்தார்கள். எக்ஸ்டர்னல்கள் மகிழ்ந்தார்கள். டிரெய்னிங் டீச்சர்கள் தாள்களோடு வந்து பிள்ளைகளைச் சுற்றி நின்று எழுதிக்கொண்டு போனார்கள். 'மாணவர் பங்கேற்பு: மிக நன்று' என்று எழுதியிருப்பதை ஒரு தாளில் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

இடது கை என்றால் தெரியாது என்று அர்த்தம். அந்த அர்த்தத்தை உண்டாக்கியவர்களே அவர்கள்தான். ஆனாலும் இத்தனை இடது கைகளைச் சுற்றி நின்ற ஒருத்தராவது, பாப்பா, உனக்கு என்ன தெரியவில்லை என்று கேட்கவில்லை.

ஒரு நாள் வேனில் பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு தாய் வர வேண்டும் என்றார்கள். முந்தின வாரம் ஒரு பிள்ளை மயங்கி விழுந்திருந்தது. ருக்கு அக்காவுக்குத் தையல் வேலை. என்னைப் பிடித்து ஏற்றிவிட்டாள். "போடி, வேன்ல உக்காந்து வேடிக்க பாத்துட்டு வா, ஒன்ன என்ன பேசவா சொல்றாங்க?"

காலேஜ் ஹாலுக்குள் நுழைந்ததும் புளித்த வாடை அடித்தது. சேலையும் சுடிதாருமாக அத்தனை பெண்கள், கொஞ்சம் பையன்கள், எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். குலசேகரன் சார் மேடையில், இடது கை பாக்கெட்டில், வலது கையில் மஞ்சளேறிய நோட்ஸ். படித்தார். படிக்கப் படிக்க அவர்கள் எழுதினார்கள். "வகுப்பறை... மாணவரை மையமாகக் கொண்டதாக... கமா... இருத்தல் வேண்டும். மாணவர் கேள்வி கேட்க... ஊக்குவிக்கப்பட வேண்டும்... புள்ளி. எழுதியாச்சா? அடுத்த பாரா."

ஒரு தலை நிமிரவில்லை. கேள்வி கேட்க ஊக்குவிக்கப்பட வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்த அத்தனை பேரில் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் பின்சுவரோடு ஒட்டி நின்றேன்.

அப்புறம் பிள்ளைகளை மேடை ஏற்றினார்கள். சார் கனிஷ்காவின் கையைக் கடையில் துணி காட்டுகிற மாதிரி விரல்நுனியில் தொட்டுக் காட்டினார். "கவனிங்க. இது நம்ம முறையோட வெற்றி. கேள்வி வர்றதுக்கு முன்னாடியே எழும்பி நிக்குது பாருங்க, இந்தக் கை. உங்க வகுப்பும் இப்படி இருக்கணும்."

அவர்கள் அதையும் எழுதினார்கள்.

கனிஷ்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒண்ணுக்கு வந்திருக்கிறது என்று அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது. அடக்கிக்கொண்டு நிற்கிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், வெற்றியாக நிற்கிறாள்.

நான் என் இடது கையைத் தூக்கினேன்.

இறங்காமல் போகலாம் என்று தெரிந்துதான் தூக்கினேன். அஞ்சு வருசம் பள்ளிக்கூடம் போயும் ஒரு நாள் கூடத் தூக்காத கை அது. தோள் மூட்டில் என்னமோ பூட்டுப் போட்டது மாதிரி 'டக்' என்றது. அங்கேயே நின்றுவிட்டது.

சார் பார்த்தார். "என்னம்மா? பாத்ரூமா? வெளிய லெப்ட்ல."

ரெண்டு பேர் சிரித்தார்கள்.

"இல்ல சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமினேன். "தெரியல சார்."

"என்ன தெரியல?"

கேட்டுவிட்டார். தன்னை அறியாமல் கேட்டுவிட்டார். அந்த ஊரில், அந்த ஒரு கேள்வியை, தூக்கிய ஒரு கையைப் பார்த்து ஒரு மனுசன் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எம் பொண்ணுக்கு என்ன தெரியலன்னு எனக்குத் தெரியல சார். நான் அஞ்சாவது. நீங்க பெரிய படிப்பு. இத்தன மாசமா இந்தக் கையப் போட்டோ புடிச்சீங்க, போர்டு வச்சீங்க, ஊர் ஊரா வேன்ல ஏத்துனீங்க. அது தெரியலன்னு தூக்குன கை சார். நீங்கதான அப்படித் தூக்கச் சொன்னீங்க? எப்பவாச்சும், ஒரு புள்ளகிட்டயாச்சும், என்ன தெரியலன்னு கேட்டிருக்கீங்களா சார்?"

இத்தனை வார்த்தை எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. ஹாலில் பேனாக்கள் நின்றன. இதை எழுதுவதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சார் நோட்ஸில் ஒரு பக்கத்தைத் திருப்பினார், திரும்பவும் இந்தப் பக்கம் திருப்பினார்.

நான் மகளைப் பார்த்தேன். "சொல்லுடி. ஒனக்கு என்ன தெரியல?"

கனிஷ்கா வாயைத் திறந்தாள். வறண்ட வாய். "வகுத்தா கொறையணும்தான? ஒண்ண அரையால வகுத்தா ரெண்டுங்கறாங்க. எப்படி ஜாஸ்தியாச்சு?"

"தலைகீழாக்கிப் பெருக்கணும். அது விதி" என்றார் சார்.

"ஏன் சார் தலைகீழாக்கணும்?"

"விதின்னா விதிதான். அதுக்கு ஏன் கெடையாது."

அப்போது முதல் பெஞ்சில் இருந்து ஒரு கை எழும்பியது. இடது கை. கோகிலவாணி. "சார், எனக்கும் தெரியாது சார்" என்றாள். "எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அப்படியே சார்ட்ல எழுதிட்டேன்." சொல்லிவிட்டு அழுதாள். அவளுக்குப் பக்கத்தில் ஒன்று எழும்பியது. அதற்குப் பின்னால் ஒன்று. நெல் வயலில் காற்று நகருகிற மாதிரி அந்த ஹால் முழுக்க இடது கைகள் எழும்பிக்கொண்டே போயின. எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிற கைகள்.

சார், "டிசிப்ளின்! டிசிப்ளின்!" என்று கத்தினார். வலது கையால் தன்னுடைய இடது முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தினார். பாக்கெட்டுக்குள் அந்தக் கை, மூட்டையில் கட்டிய சேவல் மாதிரி, துள்ளிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, அந்தக் கை இத்தனை காலமாக ஏன் உள்ளேயே இருக்கிறது என்று.

கோகிலவாணி மேடைக்கு ஏறி வந்தாள். தூக்கிய கையோடு கனிஷ்கா முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "மொதல்ல பாத்ரூம் போய்ட்டு வா பாப்பா, நாங்க எங்கயும் போகல" என்றாள். அதற்காகவே அவள் பழைய தப்பையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன். நான் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கும் இப்போது ஒரு கைதான். ரெண்டு பேரும் ஒரு செம்பை வைத்துக்கொண்டு தடுமாறினோம். கனிஷ்கா இத்தனை மாசத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "நீ ஏம்மா தூக்கின? லூசு."

திரும்பி வந்தபோது கோகிலவாணி ஒரு தாளைப் பல்லில் கடித்து ரெண்டாகக் கிழித்து வைத்திருந்தாள். "பாரு, ஒண்ணு, ரெண்டாச்சு."

"அது பாதியாக்கினது மிஸ். ரெண்டால வகுத்தது. எனக்கு அரையால வகுத்தது வேணும்."

"ஆமால்ல." கிழித்த தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் இருந்து ஒருத்தி ஏதோ சொன்னாள், அதுவும் சரி வரவில்லை. கோகிலவாணி, "இரு, எனக்கும் தெரியல, சேந்து யோசிக்கலாம்" என்றாள். ஒரு டீச்சர் இப்படிச் சொல்லி அதுவரைக்கும் நான் கேட்டதில்லை. அவள் தலையைச் சொறிந்தாள், ஒற்றைக் கையால் பாட்டிலைக் குவளைக்குச் சாய்த்துக் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள், குடித்துக்கொண்டே பாட்டிலைப் பார்த்தாள், குவளையைப் பார்த்தாள்.

"கனிஷ்கா, ஆற ரெண்டால வகுத்தா?"

"மூணு."

"மூணுன்னா என்ன? ஆறுக்குள்ள எத்தன ரெண்டு இருக்குன்னுதான கேட்டோம்? இந்த பாட்டில் ஒரு லிட்டர். அரை லிட்டர் செம்புல ஊத்துனா எத்தன செம்பு ரொம்பும்?"

"ரெண்டு." சொல்லிவிட்டு அவளே நின்றாள். "ஒண்ணுக்குள்ள எத்தன அரை இருக்குன்னு கேக்கறதா அது? ஓ... சின்னதால அளந்தா நெறைய தடவ வரும்."

"மூணு லிட்டர் இருந்தா?"

"ஆறு செம்பு."

"மூண ரெண்டால பெருக்கிட்ட, பாத்தியா?"

"அடச்சே! இதான் தலைகீழா?"

"இதான் போலருக்கு" என்றாள் கோகிலவாணி. அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது. ரெண்டு பேரின் கைகளும் ஒன்றாக இறங்கின. கனிஷ்காவின் கை மரத்துப்போயிருந்தது. மேலே இருந்து விழுந்த விறகு மாதிரி என் தோளில் விழுந்து கிடந்தது. வளையல்கள் எல்லாம் மணிக்கட்டுக்குச் சரிந்தன. நான் ஒற்றைக் கையால் அதைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன், தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

கனிஷ்கா விரல்களை ஒரு தடவை மடக்கிப் பார்த்தாள். அப்புறம் சார் பக்கம் திரும்பினாள். கிண்டலாகக் கேட்கவில்லை, அவள் அப்படிக் கேட்கிற பிள்ளை இல்லை.

"சார், ஒங்களுக்கு என்ன தெரியல? சொல்லுங்க சார். யாரும் சிரிக்க மாட்டோம்."

பாக்கெட்டின் தையல் 'பர்'ரென்று விட்டது. அவர் நோட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிழிந்த பாக்கெட்டை வலது கையால் பொத்திக்கொண்டு, பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனார்.

மற்ற பிள்ளைகளின் கைகள் அன்றைக்கே இறங்கிவிடவில்லை. தூக்கிய கை ஒரே மாதிரியாக இருந்தாலும் தெரியாதது ஒவ்வொருவருக்கும் வேறாக இருந்தது. ஒருத்திக்குப் போர்டே கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடி வந்ததும் இறங்கியது. ஒரு பையனுக்கு இன்னும் எழுத்தே கூடவில்லை. ரெண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது, அவன் கை வாரத்துக்கு ஒரு விரற்கடையாக இறங்கிற்று. லோகேசு கடைசி வரைக்கும் பாதி தெரிந்தவன் எந்தக் கையைத் தூக்குவது என்றுதான் கேட்டான். கோகிலவாணி, "எந்தக் கைய வேணாத் தூக்கு, நான் ஒங்கிட்ட வரேன்" என்றதும் துரட்டியோடு இறங்கியது. டிரெய்னிங் முடிந்தும் அந்தப் பெண்கள் சாயங்காலம் சாயங்காலம் வந்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே அவர்களுக்கும் இறங்கிற்று. ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. ருக்கு அக்கா தோள் பட்டன்களைப் பிரித்துச் சாதா தையல் போட்டாள்.

மெயின் ரோட்டு ஃபிளெக்ஸை மட்டும் எடுக்கவில்லை.

என் கையும் இறங்கவில்லை. கனிஷ்காவுக்கு என்ன தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் ஒரு பிள்ளையிடமாவது கேட்டிருக்கிறீர்களா என்று நான் கேட்டது இருக்கிறதே. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அவர் ருக்கு அக்காவிடம் வந்து எல்லாப் பேண்டுக்கும் இடது பாக்கெட்டில் இரட்டைத் தையல் போட்டு வாங்கிக்கொண்டு போனார். "ரெண்டு வேண்டாம் சார், மூணாப் போடறேன், ஒங்க கைக்குத் தாங்கணுமே" என்றாளாம் அவள்.

ஒரு நாள் காலேஜ் வாசலில் நின்று மெல்லிய குரலில் என்னிடம் சொன்னார்: "ஏம்மா இப்படி நிக்கற? இத்தன வருசமா இதையேதான் சொல்லிக் குடுத்தேன். எத்தன பேரு வேலைக்குப் போயிட்டாங்க. இப்பப் போயி என்ன பண்ணச் சொல்ற?" அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கை எனக்கு வலிக்கிறது. பாவம் பார்த்தால் வலி போகாது.

"நான் கேட்டதுக்கு ஆமான்னோ இல்லன்னோ சொல்லுங்க சார். எறங்கிடும்."

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

அதனால் தினமும் போகிறேன். காலையில் கனிஷ்கா தன் ரெண்டு கையாலும் எனக்குத் தலை பின்னிவிடுகிறாள், சேலைக்குப் பின் குத்துகிறாள், என் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். வாட்ச்மேன் முதலில் தடுத்தார். புதுசாக வந்த டிரெய்னிங் பிள்ளைகள், அந்த அக்கா உள்ளே வராமல் நாங்கள் நோட்டைத் திறக்க மாட்டோம் என்றார்கள். கடைசி பெஞ்சில் எக்ஸ்டர்னல் மாதிரி உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு இன்னும் கூச்சம்தான், யாரோடும் பேசுவதில்லை. சார் வருகிறார், மஞ்சள் நோட்ஸைத் திறக்கிறார். "மாணவர் கேள்வி கேட்க" என்று ஆரம்பிக்கிறார், நிமிர்கிறார், என் கையைப் பார்க்கிறார், அதற்கு மேல் அவரால் படிக்க முடிவதில்லை.

பிள்ளைகள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நானும்தான்.